போலந்துச் சம்பந்தியின் பூர்வீகம்

போன பத்து நாளாக எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு!

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

நண்பர் தங்கராஜுவின் மகள் வானதிக்குக் கல்யாணம். தங்கராஜுவுக்கு ரங்கூனில் வீடு மிங்கலா தாங்ஞுன்ட்டில், எவர்சில்வர் பாத்திரக் கடை பபேடானில். அடையாள அட்டையில் அவருக்குப் பர்மியப் பெயர், 'ஊ தான் லுவின்'. வீட்டில் தங்கராஜு. மனைவி டோ கின் மீ பர்மியப் பெண். தமிழ் நன்றாகவே பேசுவார்... கோபம் வந்தால் மட்டும் பர்மிய பாஷைக்குப் போய்விடுவார்.

மாப்பிள்ளை? போலந்துப் பையன். பெயர் தோமெக். பாங்காக்கில் வானதியோடு ஒரே ஆபீஸில் வேலை. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அவனுடைய அப்பாவும் அம்மாவும் ரங்கூன் வந்து இறங்கினார்கள். வரவேற்க என்னையும் கூட்டிப் போனார் தங்கராஜு. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் அல்லவா? ஊரில் எல்லோருக்கும் நான் 'சயா'. பர்மிய பாஷையில் வாத்தியார்.

அப்பா பெயர் மாரெக். பெரிய மீசை. அம்மா எவா. சின்ன உருவம், பெரிய கைப்பை. கைகுலுக்கி முடிந்ததும் எவா என் பக்கம் திரும்பி, "என் கணவரிடம் சொல்லுங்கள், அவர் கண்ணாடியை விமானத்திலேயே வைத்துவிடப் பார்த்தார். என் பையில் இருக்கிறது" என்றார்.

கணவர் ஓர் அடி தூரத்தில் நிற்கிறார்!

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சார், உங்கள் கண்ணாடி மேடத்தின் பையில் இருக்கிறதாம்" என்றேன்.

"என் மனைவியிடம் நன்றி சொல்லுங்கள்" என்றார் மாரெக். கையை என்னிடம் நீட்டினார். எவா கண்ணாடியை என்னிடம் கொடுக்க, நான் அவரிடம் கொடுத்தேன்.

தோமெக் என்னை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனான். "சயா, மன்னியுங்கள். எங்கள் நாட்டில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அப்பா ஒரு பக்கம், அம்மா எதிர்ப்பக்கம். நாடே பாதிக்குப் பாதியாகப் பிரிந்தது, மயிரிழையில் முடிவு. ரிசல்ட் வந்த அன்று காலையில் அப்பா பால்கனியில் கொடி கட்டினார். அம்மா அதே பால்கனியில் துணி காயப்போட்டார்."

"அதனால் என்ன?"

"கொடியின் மேலேயே காயப்போட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை."

கல்யாணம் முடியும் வரை நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று கெஞ்சினான். பெண் வீட்டாருக்குத் தெரியக் கூடாதாம். நானும் ஒப்புக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவனுக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அடுத்த இரண்டு நாளில் போலந்து அரசியல் எனக்கு அத்துப்படி. மாரெக்குக்கு பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய யூனியன் போடும் எந்த உத்தரவும் ஆகாது. ஊரில் தண்ணீர்க் குழாய் உடைந்தால்கூட அதில் பெர்லினின் கை இருக்கிறதா என்று பார்ப்பார். எவாவுக்கோ, அக்கம்பக்கத்து நாடுகளோடு சிரித்துப் பேசாவிட்டால் போலந்து ஒரு கூடை ஆப்பிள்கூட விற்க முடியாது. ரஷ்யா பற்றிக் கேட்டபோது மட்டும் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள் — தன் வசனத்தை அடுத்தவர் திருடிவிட்ட மாதிரி!

டோ கின் மீ சும்மா இருப்பாரா? மூன்றாம் நாள் என்னைத் தனியே பிடித்தார்.

"சயா, உண்மையைச் சொல்லுங்க. அந்த அம்மாவும் ஐயாவும் ஒரு வார்த்தை பேசிக்க மாட்டேங்கறாங்க. எங்க பொண்ணப் பிடிக்கல, அதானே? இவருக்குப் பிடிச்சிருக்கு, அவங்களுக்குப் பிடிக்கல... அப்படித்தானே? பிடிக்காத வீட்டுக்கு நான் என் பொண்ண அனுப்ப மாட்டேன். நிறுத்திடலாம்."

கண் கலங்கியிருந்தது. நான் பதறிப்போனேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் இல்லம்மா. அது ஒரு விரதம். பிள்ளை கல்யாணம் முடியற வரைக்கும் புருஷனும் பொண்டாட்டியும் நேரடியா பேசிக்க மாட்டாங்க. அந்த ஊர் வழக்கம்."

டோ கின் மீ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல விரதமா இருக்கே சயா. இங்க நாமளும் ஆரம்பிக்கலாமா?" என்று தங்கராஜுவைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் கிசுகிசு குரலில் பேச ஆரம்பித்தார்கள். விரதம் கலையக் கூடாதாம்! மாரெக் ஒருநாள் என்னிடம் கவலையோடு கேட்டார்: "இந்த வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

இப்படியே ஓட்டியிருப்பேன். பத்திரிகை வந்து கெடுத்தது. கல்யாணப் பத்திரிகையைத்தான் சொல்கிறேன்.

தங்கராஜுவுக்குப் பத்திரிகை தமிழில் அடித்தே ஆக வேண்டும். அதைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர் தெருவில் நாலு பேர் தேறுவார்கள். இருந்தாலும் தமிழ்ப் பத்திரிகையில் பூர்வீகம் என்று ஒரு வரி வரும். பெண்ணுக்குப் போட்டால் மாப்பிள்ளைக்கும் போட வேண்டாமா?

அச்சகத்தில் மதியம் ஒரு மணிக்குத்தான் கரண்ட் வரும், ஐந்து மணிக்குப் போய்விடும். அதற்குள் அடித்தால்தான் உண்டு. ஆகவே ஆறாம் நாள் காலையிலேயே எல்லோரும் தங்கராஜுவின் கடையில் கூடினோம். குண்டான்களுக்கும் டிபன் கேரியர்களுக்கும் நடுவே மாரெக்கிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன். "சார், உங்கள் பூர்வீகம் எந்த ஊர்?"

மீசை நிமிர்ந்தது. "ல்வூஃப்!"

"என் கணவரிடம் சொல்லுங்கள்" என்றார் எவா. "அந்த ஊர் இப்போது உக்ரைனில் இருக்கிறது. பெயர் ல்விவ். நாளைக்கு ஒக்ஸானா வருகிறாள். அவள் ல்விவ்காரி. அந்தப் பெயரைப் பத்திரிகையில் பார்த்தால் 'எங்கள் ஊரை இன்னும் கேட்கிறீர்களா' என்று நினைக்க மாட்டாளா?"

ஒக்ஸானா, தோமெக்கின் பாங்காக் சிநேகிதி. உக்ரைனில் போர் தொடங்கியபோது அவளுடைய அம்மாவை எல்லைக்குப் போய்க் காரில் அழைத்து வந்தவர் யார் தெரியுமா? இதே மாரெக். ஒரு வருஷம் தன் படுக்கையறையை அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு ஹால் சோபாவில் படுத்தாராம். அறையைக் கொடுத்தார்... ஊர்ப் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்!

"என் மனைவியிடம் சொல்லுங்கள், நான் யாருடைய ஊரையும் கேட்கவில்லை. என் தாத்தா அங்கே பிறந்தார். அதுகூடக் குற்றமா?"

"சரி சார், இப்போது இருக்கும் ஊரையே போட்டுவிடலாமே?" என்றேன்.

"வ்ரோட்ஸ்வாஃப்" என்றார் எவா, நிம்மதியாக.

மாரெக் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "என் மனைவியிடம் கேளுங்கள், அந்தப் பத்திரிகையை நம் ஜெர்மன் மருமகனுக்கு எப்படி அனுப்புவாள் என்று."

விஷயம் இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து எல்லைகளை மாற்றி வரைந்தபோது ல்வூஃப் போலந்தின் கையைவிட்டுப் போயிற்று; மாரெக்கின் தாத்தாவை ஓர் அடுப்போடும் ஒரு பசுவோடும் ரயிலில் ஏற்றி வ்ரோட்ஸ்வாஃபில் இறக்கிவிட்டார்கள். அதற்குச் சற்று முன்புவரை அது பிரெஸ்லாவ் என்ற ஜெர்மன் ஊர். அங்கிருந்த ஜெர்மன்காரர்களையும் இதே மாதிரி வெளியேற்றியிருந்தார்கள். தாத்தாவுக்குக் கிடைத்த வீட்டின் சமையலறையில் சர்க்கரை டப்பா அப்படியே இருந்தது, மேலே ஜெர்மன் எழுத்தோடு. எவா இன்றும் அதில்தான் சர்க்கரை வைக்கிறார். அவர்கள் மகள் கட்டிக்கொண்ட ஜெர்மன்காரருடைய பாட்டி, அதே ஊரிலிருந்து துரத்தப்பட்டவர். மருமகன் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது டப்பாவைக் கையில் எடுத்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, காபியில் சர்க்கரை போடாமலேயே குடித்தாராம்.

குரல்கள் ஏறின. "என் மனைவியிடம் சொல்லுங்கள்... என் கணவரிடம் சொல்லுங்கள்..." நான் தலையை இடமும் வலமும் திருப்பியே கழுத்து பிடித்துக்கொண்டது. தேர்தல், கொடி, துணி எல்லாம் வெளியே வந்தது. உள்ளேயிருந்து டோ கின் மீ ஓடி வந்தார். வானதி வேறு வழியில்லாமல் அம்மாவின் காதில் முழுக்கதையையும் சொன்னாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டோ கின் மீ என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கேட்டார். "அரசியல்தானா? பொண்ணு மேல ஒண்ணும் இல்லியே?"

"இல்லம்மா."

"யா பா டே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். "இவ்ளோதானா! நான் அஞ்சு நாளா தூங்கல சயா!" சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கி வரப் போனார்.

தங்கராஜுவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊர்ப் பேர்ல என்னப்பா இருக்கு? இதுக்குப் போய் இவ்ளோ சண்டையா?" என்று என்னிடம் முணுமுணுத்தார். அப்போது பார்த்து அவர் போன் அடித்தது. ரங்கூனுக்கு வெளியே மாவ்பியில் விவசாயம் பார்க்கும் அண்ணன்.

"தம்பி, பத்திரிகையில சிவகங்கை மாவட்டம்னு போடு. இப்ப அதான் சரி."

"என்னது? நம்ம தாத்தா ராமநாதபுரம் ஜில்லாவுலேர்ந்து கப்பல் ஏறி வந்தவருண்ணே!"

"அது பிரிச்சுட்டாங்கடா. நம்ம கிராமம் சிவகங்கையில போயிடுச்சு."

"யார கேட்டு பிரிச்சாங்க? நான் ராமநாதபுரம்தான் போடுவேன். இல்லன்னா பத்திரிகையே வேணாம்!" தங்கராஜு போனை ஒரு குண்டான் மேல் டங்கென்று வைத்தார். அவரும் சரி, அண்ணனும் சரி, அந்தக் கிராமத்தைக் கண்ணால் கண்டதில்லை.

"என்ன ஆயிற்று?" என்றார் மாரெக். விளக்கினேன். தாத்தாவின் ஊர், நகராமலேயே வேறு பக்கம் போய்விட்டது என்று.

மாரெக் எழுந்தார். இரண்டு டிபன் கேரியர்களைத் தாண்டிப் போய்த் தங்கராஜுவை இறுகக் கட்டிக்கொண்டார். இருவரும் ஒரு வார்த்தை புரியாமல் முதுகில் தட்டிக்கொண்டார்கள்.

"என் கணவரிடம் சொல்லுங்கள்" என்றார் எவா. "அது மாவட்டம். படை எதுவும் வரவில்லை."

ஒரு மணி நெருங்கியது. பூர்வீகமே வேண்டாம் என்றால் மாரெக் முகம் வாடுகிறது. போட்டால் எவா அழுவார். அச்சகத்துக்கு நடந்து போகும்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. வழியிலேயே மாரெக்குக்குப் போன் செய்தேன். "சார், ல்வூஃப் என்றால் உங்கள் மொழியில் என்ன அர்த்தம்?"

"சிங்கம்! சிங்கத்தின் ஊர்!"

தோமெக்கிடம் நம்பர் வாங்கி ஒக்ஸானாவைக் கூப்பிட்டு அதையே கேட்டேன். "சிங்கம்!" என்றாள். அதே பெருமை.

அப்புறம் என்ன? இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். தமிழிலோ 'ல்' என்று புள்ளி வைத்த எழுத்தில் ஒரு சொல் தொடங்கக் கூடாது. இலக்கணமும் என் பக்கம்! அடித்துவிட்டேன்: 'போலந்து தேசம், பூர்வீகம் சிங்கபுரம், திரு. மாரெக் – திருமதி எவா தம்பதியரின் செல்வன்'. பெண் வீட்டுக்கு ஜில்லாவும் இல்லை, மாவட்டமும் இல்லை... 'காரைக்குடி வட்டாரம்'.

மாரெக்கிடம், "தாத்தாவின் ஊர் வந்திருக்கிறது சார்" என்றேன். எவாவிடம், "அந்தப் பெயர் வரவில்லை மேடம்" என்றேன். இரண்டும் உண்மை. இருவருக்கும் தமிழ் தெரியாது. ராஜதந்திரம் என்பது இவ்வளவுதானா என்று எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

கல்யாணம் ஜோராக நடந்தது. மாரெக் பட்டு வேட்டியில், பெல்ட் போட்டுக்கொண்டு. எவா புடவையில், பதினேழு ஊக்குகளோடு. தாலி கட்டி முடிந்து பந்தியில் பிரியாணி போட்டபோது, தங்கராஜுவின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் மாரெக்கிடம் வந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார்.

"சார், சிங்கப்பூரை விட்டு எப்போது போலந்து போனீர்கள்?"

மாரெக் விழித்தார். "நான் சிங்கப்பூர் போனதே இல்லை."

"தாத்தா சிங்கப்பூர்தானே? பத்திரிகையில் இருக்கிறதே! அங்கே எந்தத் தெரு? என் சகலை அங்கேதான் இருக்கிறார்."

அதற்குள் இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூர்க் குடும்பம் என்ற செய்தி பபேடான் முழுக்கப் பரவி மூன்று நாள் ஆகியிருக்கிறது! "அதான் கைநிறைய சம்பாதிக்கறாங்க" என்றார் ஒருவர். "ஆனா சீனர் மாதிரி தெரியலியே" என்றார் இன்னொருவர். எவா பத்திரிகையை வெறித்துப் பார்த்தார். ஒக்ஸானா தன் போனில் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து அதன் மேல் பிடித்தாள். திரையில் பெரிய எழுத்தில் வந்தது... சிங்கப்பூர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொன்னேன். சிங்கம், ஊர், அர்த்தம், கரண்ட் போகிற நேரம்... எல்லாவற்றையும் சொன்னேன். ஒக்ஸானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தது அவள் ஒருத்திதான்.

மாரெக் என் பக்கம் ஓர் அடி வைத்தார். எவாவும் வைத்தார். மாரெக் போலிஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் மூச்சு வாங்கியபோது எவா அங்கிருந்து பிடித்துக்கொண்டார். எவா ஒரு வார்த்தை சிக்காமல் தடுமாற, மாரெக் எடுத்துக்கொடுத்தார். எவா திரும்பி அவரைப் பார்த்து, "தாக், தாக்" என்று தலையாட்டினார். ஆமாம் ஆமாம் என்று அர்த்தமாம். இரண்டு பேரும் தோளோடு தோள் உரச நின்று, எனக்குத் தெரியாத மொழியில், என்னை ஐந்து நிமிஷம் வெளுத்து வாங்கினார்கள். எவாவின் புடவையில் ஓர் ஊக்கு தெறித்தது. மாரெக் குனிந்து எடுத்து, பேச்சை நிறுத்தாமலேயே குத்திவிட்டார்.

தோமெக் வாயைப் பிளந்து நின்றான். தங்கராஜு என் காதருகே வந்தார். "என்ன சயா சொல்றாங்க?"

"மொழிபெயர்க்க வேண்டியதில்லை" என்றேன்.

சண்டைக்காரர்களுக்கு நடுவே சமாதானம் பேசப் போகிற வாசகர்களே, நடுநிலை மட்டும் போதாது — போகும்போது கையோடு ஒரு நல்ல தப்பும் கொண்டுபோங்கள்!