நிரம்பியே இருந்த பாட்டில்

மலையில் "தண்ணி குடிச்சீங்களா?" என்று நான் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் "ஆச்சு, ஆச்சு" என்று தலையாட்டிவிடுவார்கள். வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்று பெண்கள் குடிக்கமாட்டார்கள். ஆண்கள் போட்டோ எடுக்கிற மும்முரத்தில் மறந்துவிடுவார்கள். அதனால் நிற்கிற இடத்தில் எல்லாம் "பாட்டிலைத் தூக்கிக் காட்டுங்க" என்பேன். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று என் கண்ணாலேயே பார்த்துக்கொள்வேன்.

நான் ஜமால். திருச்சி தில்லைநகரில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் பதினெட்டு வருடமாக டூர் மேனேஜர். இலங்கை, நேபாளம், மலேசியா என்று வெளிநாட்டு மலைகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போய், கூட்டிப்போன கணக்குக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது என் வேலை. இந்த பாட்டில் செக் என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிர் போன கதை இது. இந்த லைனுக்குப் புதிதாக வருகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

1. பிரீஃபிங்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு மாடி ஹால். ஒன்பது பேர் குரூப். நேபாளம் போய், முக்திநாத்தில் சேவித்துவிட்டு, அங்கிருந்து ஒரு மலை முகட்டைத் தாண்டி லுப்ரா என்ற ஊருக்கு நடந்தே இறங்குவதாக ஐட்டினரி. முக்திநாத்தே மூவாயிரத்து எழுநூறு மீட்டர் உயரம். முகடு அதற்கும் மேலே. அங்கே காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. தண்ணீர் குடிக்காமல் ஏறினால் தலைவலியில் ஆரம்பித்து எதில் வேண்டுமானாலும் முடியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் என் வாய்க்கொழுப்பு.

"டூர்ல விரதம் கிரதம்னு ஒண்ணும் கூடாது. இலங்கையில ஒரு அம்மா சஷ்டின்னு சாப்பிடாம வந்து படியிலேயே சாஞ்சுட்டாங்க. அப்படி யாராவது இருந்தா ஹோட்டல்லயே விட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் சம்பத் சாரும் சிரித்தார். ரிட்டயர்டு ஜியாகிரபி வாத்தியார், அறுபத்து மூன்று வயது. முப்பத்தாறு வருடம் இமயமலையைக் கரும்பலகையில் வரைந்தவர், ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. பயிற்சிக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மலைக்கோட்டை ஏறச் சொல்லியிருந்தேன். மூன்று தடவையும் உச்சியில் முதலில் போய் நின்றவர் அவர்தான். அவர் மனைவி வேதா மாமி பாதியில் உட்கார்ந்து, "அவர் எனக்கும் சேர்த்து ஏறிடுவார், விடுங்கோ" என்பார்.

குரூப்பில் நான் கவலைப்படாத ஒரே ஆள் சம்பத் சார். அது என் முதல் தப்பு.

2. முகட்டில்

நடக்கிற அன்று காலை முக்திநாத்தில் தண்ணீர் குழாயிலேயே உறைந்திருந்தது. அந்தக் குளிரிலும் சம்பத் சார் கோவிலின் நூற்றெட்டுத் தாரைகளிலும் தலையை நனைத்துவிட்டு வந்தார். மாமி அந்தத் தாரைகளில் பிடித்த தீர்த்தத்தை ஒரு ரெண்டு லிட்டர் கேனில் நிரப்பி வைத்திருந்தார். தெருவில் பன்னிரண்டு வீட்டுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாராம். "மாமி, லக்கேஜோட ஜீப்ல போட்டுடலாமே?" என்றேன். "தீர்த்தத்தைக் கண்ட இடத்துல போடப்படாது, பாய். நானே சுமந்துக்கறேன்" என்று தன் பையில் வைத்துக்கொண்டார்.

லாட்ஜ் வாசலில் சம்பத் சார் வாய் கொப்பளிப்பதைப் பார்த்தேன். நன்றாகக் குனிந்து, ஒரு சொட்டு உள்ளே போகாதபடி மூன்று தடவை துப்பினார். ஏதோ உறுத்தியது. ஜீப்பில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன, அந்தப் பரபரப்பில் விட்டுவிட்டேன்.

ஏழரைக்குக் கிளம்பினோம். அந்தப் பள்ளத்தாக்கில் பதினொரு மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும், ஆளைத் தள்ளும். அதற்குள் முகட்டைத் தாண்டிப் பாதியாவது இறங்கியாக வேண்டும். எங்கள் நேபாளி கைடு பிகாஷ் முன்னால். இன்னொரு கைடு நடுவில். நான் கடைசி.

முதல் நிறுத்தத்தில் சம்பத் சாரின் பாட்டில் நிரம்பியிருந்தது. இப்போதுதானே கிளம்பினோம், சரி. இரண்டாவது நிறுத்தத்திலும் நிரம்பியே இருந்தது.

"என்ன சார், குடிக்கலியா?"

"இப்பத்தான் ரெஃபில் பண்ணிண்டேன்."

"குட் சார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். முகட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு பக்கம் தவளகிரி என்று கைகாட்டினேன், எதிரே வெள்ளை வெளேரென்று வரிசையாக மலைகள், கீழே காளிகண்டகி ஆறு நூலாகக் கிடந்தது. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இந்த இடத்தைத்தான் பார்க்க வந்தவர், சம்பத் சார், பார்க்கவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் அடித்தது. ரெஃபிலா? எங்கே? லாட்ஜை விட்டால் இதுவரை குழாயும் இல்லை, ஓடையும் இல்லை, கல்லும் மண்ணும்தான். ரமலான் பகலில் தொழுகைக்கு முன்னால் ஒளு செய்யும்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தானே வாய் கொப்பளிப்போம், குனிந்து, உதட்டை இறுக்கி, முழுக்கத் துப்பி! முப்பது வருடமாக நோன்பு பிடிக்கிற எனக்கு இது தெரியாமல் போச்சே.

ஓடிப்போய் பாட்டிலை வாங்கினேன். மூடியின் வளையம்கூட அறுபடவில்லை. கடையில் வாங்கிய சீல் அப்படியே இருந்தது.

"சார், இன்னிக்கு என்ன நாள்?"

"கைசிக ஏகாதசி" என்றார். நாக்கு குழறியது. "நிர்ஜலம், ஒரு சொட்டு ஜலம்கூட கிடையாது. முப்பத்தஞ்சு வருஷமா விட்டதில்லை."

"எப்பலேர்ந்து?"

"நேத்திக்கு ராத்திரி ஜலம் குடிச்சது. தசமி, ஒரு வேளைதான் சாப்பாடு."

எழுப்பி நிறுத்தி, குதிகாலை நுனிக்காலில் ஒட்டவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னேன். மலையில் மூளைக்கு ஆக்ஸிஜன் போதவில்லையா என்று பார்க்கிற டெஸ்ட் அது. மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தார். பிகாஷ் பிடிக்காவிட்டால் சரிவில் போயிருப்பார். ஆக்ஸிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற மெஷின் எழுபத்திரண்டுதான் காட்டியது. குளிர்ந்த விரலில் அது பொய் சொல்லும்தான். ஆனால் அவருடைய கால் பொய் சொல்லவில்லை.

யா அல்லாஹ் என்று உட்கார்ந்துவிட்டேன். பிகாஷ் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "பாய், நோ வெயிட். டௌன், டௌன். விண்ட் கமிங்." அவன் சொன்னது சரி. இந்த வியாதிக்கு ஒரே மருந்து இறங்குவது. வந்த வழியே போனால் உயரம் அவ்வளவாகக் குறையாது. முன்னால் லுப்ரா வரை கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் இறக்கம், ஆனால் சறுக்கு. காற்று வந்தால் ஹெலிகாப்டரும் வராது. மற்ற ஏழு பேரை இரண்டாவது கைடோடு முன்னால் அனுப்பிவிட்டேன். முகட்டில் நாங்கள் நான்கு பேர் மட்டும் நின்றோம்.

3. நூற்றெட்டு

"சார், குடிங்க. குடிச்சாத்தான் இறங்க முடியும்."

"நாளைக்கு துவாதசி, பாரணை பண்ணி விரதம் முடிச்சப்புறம்தான்."

"சார், எங்க மார்க்கத்துல பயணத்துல இருக்கறவனுக்கு நோன்புல சலுகை இருக்கு. ஊருக்குப் போயி வேற நாள்ல வச்சுக்கலாம்."

"அது உங்காத்து சட்டம், பாய்" என்று சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சார், நீங்க விழுந்தா தூக்கிட்டுப் போறதுக்கு இங்க ரெண்டே பேருதான் இருக்கோம்! மாமிய யாரு பாக்குறது?" என்று கத்தினேன். கத்தியதுதான் மிச்சம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவிடக்கூடாது, கன்னத்தைத் தட்டினேன்.

மாமி கிட்டே வந்து நின்றார். "எங்கிட்ட வழியில ஜலம் குடிக்கறேன்னு சொன்னாரே" என்று மட்டும் முனகினார். பிறகு பையைத் திறந்து அந்தக் கேனை எடுத்தார்.

"ஏன்னா, கண்ணைத் திறங்கோ. ஜலம்தானே வேண்டாம்? இது தீர்த்தம். பெருமாள் தீர்த்தத்தை வேண்டாம்னு சொல்வேளா?"

அவர் கண்ணைத் திறந்தார். தானாகவே வலது கை குழிந்து நீண்டது. மாமி ஊற்றினார். குடித்தார். இன்னொரு தரம். மூன்றாவது தரம். கையை மடக்கி வேட்டி முனையைத் தேடுகிற மாதிரி ஜாக்கெட்டில் துடைத்துக்கொண்டார்.

"நீட்டுங்கோ."

"தீர்த்தம் மூணு தரம்தானே, ஆச்சேடி."

"நூத்தெட்டு தாரையில பிடிச்சது. நூத்தெட்டு தடவை குடுப்பேன். நீட்டுங்கோ கையை!"

நான் ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பிரித்தேன். "மாமி, இதை அதுல கலக்கணும்."

"தானியம் ஏதாவது இருக்கா, பாருங்கோ. ஏகாதசிக்கு ஆகாது."

அந்தக் குளிரில், அந்த முகட்டில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். "உப்பு, குளுக்கோஸ், சிட்ரேட்..."

"அரிசி கிரிசி?"

"இல்ல மாமி."

"கலங்கோ."

பத்து கை குடித்ததும் எழுப்பினோம். நான் அவருக்கு முன்னால், ஒரு அடி கீழே. அவர் இரண்டு கையும் என் தோளில். பின்னால் பிகாஷ் அவருடைய பேக் பட்டையைப் பிடித்துக்கொண்டான். மாமி கேனோடு பக்கத்தில். இருபது அடி இறங்குவோம், நிற்போம், ஒரு கை தீர்த்தம். மாமி எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வார். மலைக்கோட்டைப் படியில் பாதியில் உட்கார்ந்த மாமி, இங்கே ஒரு இடத்திலும் உட்காரவில்லை.

பதினொன்றுக்கு முன்பே காற்று வந்துவிட்டது. பொடிக்கல்லை வாரி முகத்தில் அடித்தது. ஒரு வளைவில் சம்பத் சாரின் கால் சறுக்கி முழு பாரமும் என் முதுகில் விழுந்தது. முழங்கால் பாறையில் மோதி எனக்கு உயிர் போச்சு. பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. இவரை இங்கே விட்டுவிட்டு எந்த மூஞ்சியோடு சித்திரை வீதிக்குப் போவேன் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"நாப்பத்தி ஏழு" என்றார் மாமி.

குடித்துவிட்டு நிமிர்ந்த சம்பத் சார் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தார். "பாய்" என்றார்.

"சொல்லுங்க சார், என்ன பண்ணுது?"

"காலம்பற நீங்க தவளகிரின்னு காமிச்சேளே, அது நீலகிரி. இங்கேயும் ஒரு நீலகிரி உண்டு. தவளகிரி அதோ, ஆத்துக்கு அந்தண்டை."

வாழ்நாளில் யாரும் என்னைத் திருத்தி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பிகாஷ் என்னவென்று கேட்டான். சொன்னதும், "சார் கரெக்ட்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, காற்றில் மண் விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

லுப்ராவில் கால் வைத்தபோது மாமி எண்பத்து மூன்றில் இருந்தார். கேனில் அடியில் கொஞ்சம் மிச்சம். அதை என்னிடம் நீட்டி, "நீங்களும் காலம்பறலேர்ந்து குடிக்கலை, நான் பார்த்துண்டுதான் வரேன்" என்றார். அப்போதுதான் என் பாட்டிலைப் பார்த்தேன். அதுவும் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. எனக்கு அது தண்ணீர்தான். தாகத்துக்கு மடமடவென்று குடித்தேன்.

4. கேள்வி

அன்று சாயங்காலம் ஜோம்சோமில் டாக்டர் பார்த்துவிட்டு, "இறங்கியதால் பிழைத்தார்" என்றார். மறுநாள் காலை பாரணை முடித்துவிட்டு சம்பத் சாரே என் அறைக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"ஏன் சொல்லலைன்னு நீங்க கேக்கவே இல்லையே, பாய்."

"ஏன் சார் சொல்லல?"

"ஹோட்டல்லயே விட்டுட்டுப் போயிடுவேன்னு சொன்னேளே. முப்பத்தாறு வருஷம் போர்டுல வரைஞ்ச மலை. விட்டுட்டுப் போயிடுவேளோன்னு பயமா இருந்தது."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

திருச்சிக்கு வந்ததும் எங்கள் பாஸ் எல்லாவற்றையும் கேட்டார். நான் சம்பத் சார் மேல் பழியைப் போடத்தான் பார்த்தேன். பாஸ் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். "நடக்குற தேதிய போட்டது யாரு?"

"நான்தான் பாஸ். ஃபிளைட் சீட் இருந்த தேதி."

"ஸ்ரீரங்கத்து ஆளுங்கள கூட்டிட்டுப் போற. பஞ்சாங்கம் பாத்தியா? உன்னை ரமலான்ல மலை ஏறச் சொன்னா ஏறுவியா?"

இப்போது என் மேஜையில் பஞ்சாங்கமும் இருக்கிறது, பிறை காலண்டரும் இருக்கிறது. ஐட்டினரி போடும்போது இரண்டையும் பார்ப்பேன். பாட்டில் செக்கில் மூடியையும் திருகிப் பார்ப்பேன். இதெல்லாம் சின்ன விஷயம், ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

பெரிய விஷயம் அடுத்த பிரீஃபிங்கில் நடந்தது. அதே மாடி ஹால், வேறு பத்துப் பேர். எல்லோரும் மெடிக்கல் ஃபார்மில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் எழுந்து, "விரதமோ வியாதியோ, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. சொன்னதுக்காக யாரையும் விட்டுட்டுப் போக மாட்டேன். நாளை மாத்துவேன், பாதைய மாத்துவேன். சொல்லாதவங்களத்தான் என்னால காப்பாத்த முடியாது" என்றேன்.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. "எனக்குப் போன வருஷம் ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு." அதைக் கேட்டு இன்னொருவர், "வலிப்பு மாத்திரை சாப்பிடறேன், ஆத்துல யாருக்கும் தெரியாது." மூன்றாவதாக ஒரு அம்மா, நான்காவதாக இன்னொருவர்.

பத்துப் பேரில் நான்கு கை. நான் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பதினெட்டு வருடமாக நான் மிரட்டிக் கூட்டிப்போன முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அத்தனை பேரும் உயிரோடு திரும்பியது என் சாமர்த்தியம் என்றுதான் அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.