எமலிங்கத்தில் நான் கேட்டது

அண்ணாமலையாரை நம்பும் அன்பர்களே, என் வலது கை இன்றுவரை வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு நீங்கள் ஏமாந்து போகக் கூடாது.

நான் செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டியவன். பல வருஷம் வாடகை வண்டி ஓட்டி, சொந்தமாக ஒன்று வாங்கினேன். வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். வாங்கிய மறு வருஷம் மாசி மாதம், ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே சரிந்தேன். பக்கவாதம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது வலது கால் மட்டும் கொஞ்சம் ஊன்ற வந்தது. பேச்சு குழறியது. "நடந்துட்டே இருங்க. கையைப் பத்தி இப்போ ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஆட்டோவுக்கு ஆக்ஸிலரேட்டர் வலது கையில்தான். அதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய வண்டியைப் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்துக் கிடந்தேன். என் மனைவி செல்வி ஒரு கெஸ்ட் ஹவுசில் அறைகளைச் சுத்தம் செய்துவிட்டு வந்து எனக்குச் சோறு ஊட்டுவாள்.

பங்குனியில் ஒரு நாள், "கிரிவலம் போலாம் வாங்க" என்றாள். மலையைச் சுற்றினால் கை வந்துவிடும் என்று நானும் நம்பினேன். விடியும்போது ராஜகோபுரத்து முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். மலையைச் சுற்றி இருக்கும் எட்டு லிங்கங்களில் இந்திரலிங்கம், அக்னிலிங்கம் தாண்டி மூன்றாவதான எமலிங்கம் வந்தபோது கால் மடங்கிவிட்டது. வெயில் ஏறிவிட்டது. நான் தினமும் சவாரி போன ரோடு அது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, "என்னக் கூட்டிக்கோ, போதும்" என்று கேட்டேன். சும்மா கேட்கவில்லை, மனசாரக் கேட்டேன்.

செல்வி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"இதுக்கப்புறம் இன்னும் அஞ்சு லிங்கம் இருக்குதுங்க. அதையும் பாத்துட்டு, கடைசில போயி கேளுங்க" என்றாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, ஸ்டாண்டில் என்னோடு ஓட்டிய நண்பனுக்குப் போன் போட்டாள். அவன் வந்து தூக்கிப் போய் வீட்டில் விட்டான்.

சேதி கேட்டு வந்த என் அக்கா, "கிளம்பிட்டா அரைவழில திரும்பக் கூடாதுடா, தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். மலையும் என்னை வேண்டாம் என்றுவிட்டது என்று முடிவு கட்டினேன். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை செல்வி அதே நண்பனை வரச் சொல்லி, என்னை எமலிங்கத்து வாசலில் இறக்கினாள்.

"இன்னாடி இது?"

"நேத்து நாம திரும்பலீங்க. இங்க நின்னோம். இப்ப இங்கேருந்து நடப்போம்."

அன்று நாலு கடை தூரம்கூட நடக்கவில்லை. நின்ற இடத்தை அடையாளம் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அடுத்த நாள் அங்கிருந்து ஒரு புளியமரம் வரைக்கும். இப்படியே பங்குனி போனது, சித்திரை போனது. எத்தனையோ நாள் வர மாட்டேன் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். ஒரு தடவை கீழே விழுந்து முட்டி பெயர்ந்து, பல நாள் படுத்துக் கிடந்தேன். கை வரும் என்ற நம்பிக்கை வருணலிங்கம் வருவதற்கு முன்பே செத்துவிட்டது. பிறகும் எதற்கு நடந்தாய் என்று கேட்டால் பதில் தெரியாது. நேற்று நின்ற இடம் என்று ஒன்று இருந்தது, அங்கே போக வேண்டியிருந்தது. ஹாரன் அடிக்காமல் ஒரு தெருவைத் தாண்டாதவன் நான். எனக்குள் பொறுமை எப்போது வந்து உட்கார்ந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஆனியில் ஈசானியலிங்கம் வந்து சேர்ந்தோம். பக்கத்திலேயே சுடுகாடு. யாரையோ மேளம் அடித்துக் கொண்டுவந்தார்கள்.

"இதான் கடைசி லிங்கம். அன்னிக்குக் கேட்டத இப்ப கேளுங்க" என்றாள் செல்வி.

நான் மேளச் சத்தத்தைக் கேட்டபடி தலை குனிந்து நின்றேன். அவள் பாதம் கண்ணில் பட்டது. பித்தவெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது. இத்தனை நாளும் அவளும் வெறுங்காலோடு என்கூட நடந்திருக்கிறாள், நடந்துவிட்டு வேலைக்கும் போயிருக்கிறாள். அன்றுதான் பார்த்தேன். "இருக்க விடு" என்று மட்டும் கேட்டேன். அவளுக்கும் கேட்டிருக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது என் வண்டியை அந்த நண்பன் ஓட்டுகிறான். நான் ஸ்டாண்டில் உட்கார்ந்து போனில் சவாரி பிரித்து அனுப்புகிறேன். என் குழறல் எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்த சீட்டில் இனி நான் உட்கார மாட்டேன் என்று தெரியும். சில நாள் விடியும்போதே மனசு செத்துக் கிடக்கும். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அண்ணாமலையார் நான் முதலில் கேட்ட கையைத் தரவில்லை, அடுத்துக் கேட்ட சாவையும் தரவில்லை. மூன்றாவதாகக் கேட்டதைத் தினமும் தந்துகொண்டிருக்கிறார். அவருக்கு என் நன்றி.

முடியாமல் வழியில் உட்கார்ந்துவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். வீட்டுக்குப் போய்ப் படுங்கள், தப்பில்லை. நாளைக்கு அதே இடத்தில் வந்து இறங்குங்கள். மலை எங்கேயும் போய்விடாது.