சதுர்த்தசியன்று நான் பேசாதிருந்தது

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து காவலர் எடுத்த பொட்டலத்தில் கஞ்சா இருந்தது. வண்டியை ஓட்டி வந்தவன் நான். அறுபதைத் தாண்டியவன், சமணர்களான எங்கள் வீட்டில் தேன்கூட யாரும் தொடுவதில்லை. இத்தனை வருட வாழ்வும் அந்தச் சாலையோரத்தில் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

நடந்தது கடந்த ஆவணி மாதம், தேய்பிறைச் சதுர்த்தசியன்று. சதுர்த்தசிதோறும் விடியலிலிருந்து மாலை வழிபாடு முடியும்வரை நான் மௌன விரதம் இருப்பேன். என் வண்டி பழுதாகியிருந்ததால் மகன் ஸ்ரீபாலின் ஸ்கூட்டரில் செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர் பார்சுவநாதர் கோயிலுக்குப் புறப்பட்டேன். ஊர் எல்லையில் வாகனச் சோதனை. காகிதங்களைக் காட்டினேன். எங்கே போகிறீர்கள் என்று ஓர் இளம் காவலர் கேட்டார். பேசமாட்டேன் என்பதற்கு உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

"இன்னா பெருசு, என்னையே கம்முனு இருன்றியா?"

பதறிக் கைகூப்பினேன். அவருக்குச் சந்தேகம் கூடியது.

"வாய்ல மாவா அடக்கிக்கினு இருக்கியா? தொற!"

திறந்து காட்டினேன். புகையிலை எதுவும் இல்லை. அடுத்து சீட்டைத் திறக்கச் சொன்னார். அபிஷேகப் பால் தூக்குக்குக் கீழே அந்தப் பொட்டலம் இருந்தது.

ஸ்டேஷனில் அதிகாரி மரியாதையாகவே கேட்டார். "இது உங்களுதாங்க ஐயா? இல்லன்னா யாருது? பேச முடியலன்னா எழுதிக் குடுங்க."

யாருடையது என்று எனக்கு அதற்குள் விளங்கிவிட்டது. ஸ்ரீபாலின் சிவந்த கண்களும் எந்நேரமும் சாத்திக் கிடந்த அறைக் கதவும் நினைவுக்கு வந்தன. சொன்னால் மகன் கைதாவான். சொல்லாவிட்டால் அவன் குற்றத்தை நான் சுமப்பேன். அது தியாகம் போலத் தோன்றியது. ஆனால் அது பொய். விரதத்தின் பெயரால் ஒரு பொய்யை வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்மூடிப் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொன்னேன். வினையை வென்ற அருகர் யாருக்கும் வரம் தருவதில்லை. கேட்டுப் பெறுவது நம் மரபுமில்லை. நூல்களில் படித்தவன்தான். ஆனாலும் அன்று கேட்டேன். முதலில், என்னைக் காப்பாற்று என்றேன். பிறகு, என் பிள்ளையைக் காப்பாற்று என்றேன். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது: உண்மைக்கு வழி விடு. மனம் மெல்ல அடங்கியது. விரதம் முறிந்தாலும் சரி, சொல்லிவிடுவது என்று எழுந்தேன்.

வாசலில் ஸ்ரீபால் நின்றிருந்தான். ஸ்டேஷனிலிருந்து என் மனைவி பத்மாவுக்குப் போன் போயிருந்தது. அவள் சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறான்.

"சார், அது என்னுது. நைனாக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாமயா வாயத் தொறக்காம உக்காந்துக்கினு இருக்காரு?" என்றார் அந்தக் காவலர்.

"இன்னிக்கி அவருக்கு மௌன விரதம் சார். சாயந்திரம் வரைக்கும் பேசமாட்டாரு. எங்கனா ஓடிப்போய்டலாம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டேன் சார். பஸ்ல கால வைக்க முடியல."

காவலர் என்னைப் பார்த்தார். "விரதம்னு மொதல்லயே சொல்லக்கூடாதா பெருசு?" என்றவர், சொன்னது உறைத்ததும் தாமே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கண்ணீரும் வந்தது.

என் கண்ணெதிரேதான் மகனைக் கைது செய்தார்கள். சிறிய அளவு என்பதால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்தது. வழக்கு நடக்கிறது. அதை மறைக்க யாரையும் நாடவில்லை.

அன்று மாலை வீட்டில் வழிபாடு முடிந்து விரதம் நிறைவுற்றது. ஆனால் எனக்குப் பேச வரவில்லை. ஸ்ரீபால்தான் பேசினான். யாரோடு சேர்ந்து தொடங்கினான், எப்படியெல்லாம் விட முயன்று தோற்றான் என்று எல்லாவற்றையும் சொன்னான். அவன் தூங்கப் போன பிறகு பத்மா சொன்னாள்: "நீங்க வாய மூடிக்கினு இருந்த அன்னிக்கித்தான் அவன் வாயத் தொறந்தான்."

நியாயமான பேச்சு. எதைச் சொன்னாலும் நூலும் ஆதாரமுமாகப் பதில் வைத்திருக்கும் தகப்பனிடம் எந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேசுவான்?

இப்போது விழுப்புரத்தில் ஒரு மருத்துவரிடம் தவறாமல் போகிறான். கார்த்திகையில் ஒருமுறை சறுக்கினான். மறுநாள் காலை அவனே என் எதிரில் வந்து உட்கார்ந்து, "நைனா, நேத்து மறுபடியும் தொட்டுட்டேன்" என்றான். நான் ஒன்றும் சொல்லாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜாமீனைவிட அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பார்சுவநாதரின் திருவடியில் அதிகம் விழுந்து வணங்கியிருக்கிறேன்.

அறவழியில் உடன் நடப்பவர்களே, இப்படியொரு நாள் உங்கள் வீட்டுக்கும் வந்தால் நம்பிக்கையை விடாதீர்கள். வழக்கு தொலையட்டும் என்று மட்டும் வேண்டாமல், உண்மை வெளிவரட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிய பிறகு உங்கள் பிள்ளையின் பக்கத்தில் பேசாமல் சற்று நேரம் உட்காருங்கள். அவன் பேசுவான்.