தொலைபேசியில் பேசியது அலென் இல்லை

ரெஜினாவின் கல்யாணத்தை நிறுத்தியது நான்தான்.

மாப்பிள்ளை நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் தாயாரும் நிறுத்தவில்லை. முத்தியால்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரைப் பெருக்கித் துடைத்து, அந்தக் கூலிக்கு ஈடாக அங்கேயே பாடம் கற்றுக்கொண்ட நான்... கருவடிக்குப்பத்துச் செல்வி.

முகம் சுளிக்கிறாயா? பொறு. முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளி!

அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது நான் ஒன்பதாவதோடு நின்றேன். ஃபெயில் ஆகி நிற்கவில்லை. வீட்டில் சோறில்லாமல் நின்றேன். இரண்டும் வேறு என்பது உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

ரெஜினா பி.காம். முடித்தவள். கல்யாணம் நிச்சயமாகி, விசா வரும்வரை பொழுது போகாமல் சென்டரில் விஷுவல் பேசிக் புரோகிராமிங் படிக்க வந்தாள். அவளைக் கட்டவிருந்தவன் பெயர் அலென். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாவின் பேரன். சிறு வயதிலேயே குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டவன். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் என்ன மதிப்பு என்று உனக்கு நான் விளக்க வேண்டுமா? ஒருமுறை வந்து மோதிரம் மாற்றிவிட்டுத் திரும்பிப் போயிருந்தான்.

பாடம் முடிகிற சமயம் ஆளுக்கொரு புரோகிராம் எழுதச் சொன்னார் எங்கள் சார். மற்றவர்கள் கால்குலேட்டர் செய்தார்கள், மார்க் ஷீட் செய்தார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே பயம். என் புரோகிராமாவது பேசட்டுமே என்று நினைத்தேன். கட்டத்தில் எதை டைப் செய்தாலும், பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டர் சத்தமாகப் படிக்க வேண்டும். குரல்கள் ஒரு சி.டி.யில் இருந்தன, ஆண் ஒன்று, பெண் ஒன்று. அவற்றைச் சேர்க்கும் வழிமுறை முழுக்க இங்கிலீஷ். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் படித்துப் பொருள் சொன்னவள் ரெஜினா. காபியும் கொடுத்தாள்.

உதவி செய்தவளை வெறுக்க முடியுமா என்று கேட்காதே. உதவி செய்தவளைத்தான் சுலபமாக வெறுக்க முடியும்!

எல்லாரும் புரோகிராமைக் காட்டும் நாள் வந்தது. நான் உட்காருவதற்குள் என் நாற்காலியில் ரெஜினா உட்கார்ந்தாள். ஏதோ டைப் செய்தாள். அழுத்தினாள். ஆண் குரல் பேசியது.

"செல்வி... நைன்த் ஃபெயில்."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும்...

அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைக் கொடுத்தால் பாதி மென்று பாதி துப்பும். ரெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, எங்க அலென் பேசற மாதிரியே இருக்குதுடி! அவரும் இப்படித்தான், வாயில வெந்நி வெச்சிக்கினு பேசறாப்போல!"

பின்னாலிருந்து ஒருத்தன், "சொல்தா வூட்டுப் புள்ள பாரிஸ்லேர்ந்து வந்துகிறாரு, சேர் போடுறா டேய்!" என்றான்.

நானும் சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து, பல் தெரிய, நானும்... அவள் அழுத்தியதைக்கூட மறந்திருப்பேன். நான் சிரித்ததை மறக்க முடியவில்லை.

அன்றைக்கே யோசனை பிறந்தது. அவள் வாயே கொடுத்த யோசனை!

நான் பயந்த சுபாவம். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள். அந்தப் பயம் முழுவதையும் அந்தப் புரோகிராமில் கொட்டினேன். ரெஜினாவின் அப்பா போனில் இப்படிக் கேட்டால்? அதற்கு ஒரு பொத்தான். அப்படிக் கேட்டால்? இன்னொரு பொத்தான். 'ஆமாம்.' 'இல்லை.' 'லைன் சரியில்லை மாமா.' எழுத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து, அந்த மென்ற தமிழ் கொஞ்சம் புரியும்படி செய்தேன். அவர்கள் வீட்டில் இருப்பது நம்பர் காட்டாத டெலிபோன் என்பதைக் காபி குடிக்கும்போதே பார்த்து வைத்திருந்தேன். எங்கள் சார் என் புரோகிராமை இரண்டாவது தடவை பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

மதியம் சாப்பாட்டுக்கு சென்டரை மூடினார்கள். சாவி என்னிடம். ரிசீவரை ஸ்பீக்கரின் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். ரெஜினா வீட்டு நம்பரைப் போட்டேன். எடுத்தவர் ரெஜினாவின் அப்பா மரியநாதன்.

"அலோ?"

அழுத்தினேன். "மாமா... நான் அலென்."

"தம்பி! நல்லா இருக்கீங்களா? சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டீர்களா...! அதற்கு என்னிடம் பொத்தான் இல்லை. சண்டைக்கும் சந்தேகத்துக்கும் பதில் எழுதி வைத்தவள், அந்த மனிதர் அன்பாக ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைக்கவே இல்லை. அப்போதே ரிசீவரை வைத்திருக்கலாம். ஏன் வைக்கவில்லை? நீ சொல், ஏன்?

"லைன் லேட்டா வருது போல," என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த பொத்தானை அழுத்தினேன். "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். இங்கே வேறு பெண் இருக்கிறாள்."

ரிசீவரைக் கை மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "தம்பி, விளையாடறீங்களா?"

"இல்லை."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவைக் கேட்காதீர்கள். மறைப்பார்கள்."

இருந்ததிலேயே கொடிய பொத்தான் அதுதான். அலெனின் தாயார் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யச் செய்ய, மறைக்கிறாள் என்று ஆகிவிட்டது. அலெனே பிரான்சிலிருந்து அழைத்து, "நான் பேசலே மாமா" என்று கெஞ்சினானாம். அவனும் அதே மென்ற தமிழில்தானே கெஞ்சியிருப்பான்! அவன் பேசப் பேச அவருக்கு உறுதியாயிற்று. அதே குரல். "என் காதால கேட்டேன்" என்றார். மோதிரம் திரும்பிப் போனது.

இதோடு நின்றிருந்தால் என்னை ஒருவேளை பொறாமைக்காரி என்று சொல்லி முடித்திருக்கலாம். நிற்கவில்லை.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று ரெஜினா கண்டுபிடித்துவிட்டாள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சென்டருக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அந்த ஆம்பளக் குரல போடுடி. எங்க பப்பா கேக்கட்டும்."

நான் பயந்தவள் அல்லவா! பொத்தான்களை முன்பே அழித்திருந்தேன். குரலின் வேகத்தையும் சுருதியையும் கூட்டி வைத்திருந்தேன். அழுத்தினேன். கீச்சென்று ஏதோ கத்தியது.

"இன்னாம்மா இது, எலி கத்தறாப்போல," என்றார் அவர்.

"ஸ்பீட கொறைடி! மாத்தி வெச்சிகிறா பப்பா, அன்னிக்கி இப்படி இல்ல!"

அப்போது நான் சொன்னதைக் கேள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்: "எனக்கு இவ்ளோதான் செய்யத் தெரியும் சார். நான் ஒம்பதாவது ஃபெயிலு."

யார் சொன்னாலும் உடம்பெல்லாம் எரிகிற அந்தப் பொய்யை நானே என் வாயால் சொன்னேன். எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா!

ரெஜினா தானே சரிசெய்ய உட்கார்ந்து மவுசை எட்டிப் பிடித்தாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். "ஏழப் பொண்ணு மேல பழி போடறியே, வெக்கமா இல்ல? எழுந்திரு!" அவளை அப்படிக் கடிந்து அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, அந்த வயதான மனிதர்... என்னைக் கும்பிட்டார். "மனசுல வெச்சிக்காதம்மா. துக்கத்துல இன்னா பேசறோம்னு தெரியாம பேசறா."

ரெஜினா எழுந்தாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அவர் அதோடு விடவில்லை. வீண்பழி சுமந்த பெண்ணாயிற்றே என்று, தாம் வேலை பார்த்த பள்ளிக்கூட அலுவலகத்திலேயே எனக்கு டைப் செய்யும் வேலை வாங்கிக் கொடுத்தார். போனேன். வெட்கமில்லாமல் போனேன். இன்றும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அலெனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. ரெஜினா சென்னைக்குப் போய் ஏதோ ஹாஸ்டலில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குக்கூட வருவதில்லை. அப்பாவோடு பேச்சே இல்லை.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் வெயில் தாழ்ந்ததும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வருவார், என் மேசை எதிரே உட்காருவார். போன வாரம் ஒரு துண்டுக் காகிதத்தில் ஹாஸ்டல் நம்பரை எழுதி நீட்டினார். "அந்த மாப்ள பண்ணதுக்கு எம் மேல ஏம்மா கோவம் அவளுக்கு? நான் கேட்டா போன வெச்சிடறா. நீ அவ கூடப் படிச்சவ. நீயாவது கேட்டுச் சொல்லேன்."

"கேக்கறேன் சார்," என்றேன்.

கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை. நாளைக்கும் வருவார். லைன் கிடைக்கவில்லை சார் என்பேன். பரவாயில்லம்மா என்பார்.

எதிரே இருக்கிறவரிடம் சொல்லாமல் இதையெல்லாம் உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்றுதானே கேட்கிறாய்? உன் மேல் நம்பிக்கை என்று நினைத்துவிடாதே. உனக்கு அவர் வீடு தெரியாது. அதனால்தான் சொன்னேன்.