இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. நானும் நம்பாத ஆள்தான். பல வருடமாகக் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். தானாக எரியும் விளக்கு, தானாக அலறும் ஹாரன் என்று எதைக் கொண்டு வந்தாலும், "இதுல ஏதோ இருக்குங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். திறந்து பார்த்தால் துருப்பிடித்த எர்த் போல்ட் இருக்கும். பேயை எல்லாம் ஸ்பானர் போட்டு இறுக்கிவிடலாம் என்று கிண்டல் அடிப்பேன்.

ராத்திரிகூட இல்லை. நல்ல வெயில், மதியம் மூன்று மணி. என் தங்கையின் கணவர் அந்தக் காரை என் ஷெட்டுக்கு ஓட்டி வந்தார். போன வாரம்தான் யாரிடமோ வாங்கியிருந்த பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டே இருக்கை. பக்கத்தில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

"மச்சான், நாப்பதைத் தாண்டினா பொசுக்குனு நின்னுடுது. சாவியைத் திருப்பினா உடனே ஸ்டார்ட் ஆகுது. என்ன கண்றாவின்னே தெரியல. சாயங்காலம் இவளை மலை ரோட்டுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகணும். வேகம்னா இவ கத்துவா பாருங்க... கேக்கவே ஜாலியா இருக்கும்."

நானும் சேர்ந்து சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை.

"அவசரமே இல்லண்ணே. வண்டி பத்து நாள் இங்கயே கிடக்கட்டும்," என்றாள்.

"பாத்தீங்களா, இப்பவே உதறுது," என்று அவர் அவள் தோளைப் பிடித்து அழுத்தினார். அவள் முகம் சுருங்கியது. அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு பானெட்டைத் திறந்தேன்.

காயில், ஃப்யூஸ், பேட்டரி எல்லாம் சரியாக இருந்தன. தெருவில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். முள் நாற்பதைத் தொட்டதும் காலடியில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் செத்தது. மறுபடி ஓட்டினேன். நாற்பது... டக். மூன்றாம் தடவையும் அதேதான். லூஸ் கனெக்‌ஷன் இப்படிக் கணக்குப் பார்த்து அறுந்து போகாது.

ஷெட்டுக்குத் திரும்பி வயர்களை ஒவ்வொன்றாகத் தடவினேன். அந்தக் காலத்துக் கார்களில் வயருக்கு மேல் துணி சுற்றியிருக்கும். அதற்கு நடுவே ஒரே ஒரு நீல பிளாஸ்டிக் வயர் ஓடியது. யாரோ பின்னால் சேர்த்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். பக்கத்து இருக்கைக்கு அடியில், கதவோரமாக, கம்பளத்துக்குள் ஒரு சின்ன பட்டன். அதை அழுத்தினால் இன்ஜினுக்குப் போகும் கரண்ட் நின்றுவிடும். திருட்டுக்குப் பயந்து சிலர் இப்படி வைப்பதுண்டு. ஆனால் அதை ஓட்டுகிறவர் பக்கம்தானே வைப்பார்கள்?

மாப்பிள்ளையை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தேன். வண்டி நின்ற இடத்திலேயே இருந்தது. நான் மறுபக்கக் கதவைத் திறந்து, மண்டியிட்டு, பட்டனையே பார்த்தேன்.

"கொஞ்சம் முடுக்குங்க."

முடுக்கினார். இன்ஜின் உறுமியது.

பட்டன்... மெதுவாக உள்ளே போனது.

டக்.

யாரும் தொடவில்லை. என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் நடந்தது. தலையைத் தூக்கினேன். காலி இருக்கையின் தோல் நடுவில் பள்ளமாக அமுங்கியிருந்தது. உள்ளங்கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.

தங்கை அதிலிருந்து இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அந்தப் பட்டனைத் தூக்கிட்டு டைரக்டா போட்டுடுங்க. பேய் நடந்து போகட்டும்."

வாசலில் நின்ற தங்கையிடம் போனேன். "அந்த சீட்ல நீ உட்காராதம்மா. இன்னைக்குப் போக வேணாம்."

"வரலைன்னு சொன்னா, வீட்டுக்குப் போனப்புறம் என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதுண்ணே," என்றாள். குரலே எழவில்லை.

கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. என் கோபமெல்லாம் அந்த இருக்கையில் இருந்ததன் மேல். என் தங்கை உட்காரும் இடத்தில் ஒரு பீடை உட்கார்ந்திருக்கிறது. அதன் பல்லைப் பிடுங்க வேண்டும். அதுதான் அப்போது என் புத்தி.

கட்டிங் பிளேயரோடு மண்டியிட்டேன். நீல வயரை நறுக்கினேன். பட்டனை விட்டுவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினேன்.

என் மணிக்கட்டை ஐந்து விரல்கள் பிடித்தன.

ஒல்லியான விரல்கள். இழுத்தன. அடிக்கவில்லை, கீறவில்லை... சேர்க்க விடாமல் இழுத்தன. அவ்வளவுதான்.

உதறினேன். டேப்பைச் சுற்றினேன்.

"முடுக்குங்க!"

இன்ஜின் உறுமியது.

டக்.

நிற்கவில்லை.

டக். டக்.

ஓடியது.

டக்டக்டக்டக்டக்...

ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன். சொல்ல நாக்கு கூசுகிறது... அப்போது எனக்குச் சிரிப்புகூட வந்தது.

ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். தங்கை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஆறு பத்துக்கு என் போன் அடித்தது. ஒரே காற்று இரைச்சல். அதற்குள் அவர் சிரிக்கும் சத்தம்.

"அண்ணே... மெதுவாப் போகச் சொல்லுண்ணே... வளைவுண்ணே..."

"போனை அவர்கிட்ட குடு!"

"வாங்க மாட்டேங்கறாரு... அண்ணே, என் கையை யாரோ பிடிக்கறாங்க..."

"யாரு?"

"தெரியலண்ணே. சீட்டுக்கு அடியில இழுக்கறாங்க... இங்க ஒரு பட்டன் இருக்கு..."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

டக்.

போனில் தெளிவாகக் கேட்டது.

டக். டக்.

"அமுக்கறேண்ணே... நிக்கல... அண்ணே, நிக்கவே இல்ல..."

அப்புறம் இரைச்சல்கூட இல்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். இனி அவனுக்கு 'அவர்' கிடையாது. வளைவில் வெளியே தூக்கி எறியப்பட்டானாம், கால் மட்டும் உடைந்தது. விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். போன வருடம் வேறு கல்யாணம் செய்துகொண்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். தங்கையின் கட்டைவிரல் நகம் பிய்ந்திருந்தது. தோளிலும் முதுகிலும் பழைய காயங்கள், நிறைய. அதைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அவள் புறங்கையைக் காட்டினார். மேலிருந்து பொத்திப் பிடித்த மாதிரி ஐந்து விரல்களின் தடம், நீலமாக.

"வண்டில மூணாவதா ஒரு பெண் இருந்தாங்களா?" என்றார்.

அந்த நீல வயரைப் போட்டவரை ஆறு மாதம் தேடிக் கண்டுபிடித்தேன். வேறு ஊரில், என்னைப் போலவே ஒரு வயரிங்காரர். காரின் நிறத்தைச் சொன்னதும் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"முன்னால அந்தக் காரை வச்சிருந்தவனோட சம்சாரம், அந்த அம்மாதான் ரகசியமா வைக்கச் சொன்னாங்க. புருஷன் பக்கத்துல உக்கார வச்சு, கண்மண் தெரியாம ஓட்டிப் பயமுறுத்துவானாம். நாப்பதைத் தாண்டினா அமுக்குவாங்க, வண்டி நின்னுடும். அவனும் ரிப்பேர்னே நினைச்சுட்டிருந்தான்."

"அப்புறம்?"

"ஒரு நாள் பாத்துட்டான். வயரை அவன் தொடல. அந்த அம்மா ரெண்டு கையையும் பின்னால கட்டி, உக்கார வச்சு ஓட்டிட்டுப் போயிருக்கான். அதே மலை ரோடுதான். வளைவுல அவங்க வெளியே விழுந்து செத்துட்டாங்க. கட்டு மட்டும் இல்லைன்னா அவங்களே நிறுத்தியிருப்பாங்க தம்பி."

என் தங்கையின் கையை யாரும் கட்டவில்லை. அவள் கடைசி வரை அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.