முழுசுகிற மயில்

உரும்பிராயில் எங்கள் குறிச்சிக்குள் எந்த வீட்டுக் குசினிக்குப் போனாலும் பால்செம்பின்மேல் ஒரு வெள்ளை வலை கிடக்கும். நூலால் பின்னிய வட்ட வலை. காற்றுக்கு எழும்பாமல் இருக்க ஓரத்தைச் சுற்றிவர நீலமோ சிவப்போ மணிகள் தொங்கும். செம்பைத் தூக்கும்போது அவை கலகலக்கும். அவற்றுள் பெரும்பாலானவை என் அக்கா பத்மாசினியின் கைவேலை.

அக்கா மிசன் பள்ளிக்கூடத்தில் விடுதியில் நின்று படித்தவள். பெரியபிள்ளையானதும் ஐயா வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். வரும்போது ஒரு பிஸ்கற் பேணி நிறைய ஊசியும் நூலும் மணியும் கொண்டுவந்தாள். படிப்பில் அவளுக்கு மிஞ்சியது அந்தப் பேணிதான். அதற்காக அவள் அழுததாக எனக்கு நினைவில்லை. காலைச் சமையல் முடிந்ததும் உள்ளறை யன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் வெயில் இறங்கும்வரை எழும்பமாட்டாள். தலையணை உறையில் றோசாப்பூ, மேசைச்சீலையில் திராட்சைக் கொடி, மணியால் கோத்த விசிறி, சாயம் போட்ட பனையோலைப் பெட்டி என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். வாய் பள்ளிக்கூடத்துக் கோயிற்பாட்டு ஒன்றை முணுமுணுக்கும். சைவ வீட்டில் அது கேட்டால் அம்மாவுக்குப் பொறுக்காது. ஐயா சிரிப்பார்.

எங்கள் பரம்பரையில் முதன்முதல் பட்டம் பெற்றவன் நான். புகையிலையும் வெங்காயமும் போட்டு என்னைப் பி.ஏ. ஆக்கியவர் ஐயா. ஏரம்புவின் மகன் பி.ஏ. என்று அவர் சொல்லாத சந்தி இந்த வலிகாமத்தில் இல்லை. எனக்கும் அதைச் சொல்லக் கூச்சமில்லை. என் படிப்பு முடியட்டும் என்று அக்காவின் கலியாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போயிற்று. நான் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் புறக்கோட்டையில் அவளுக்கு மணி வாங்கிவருவேன். ஒரு தடவை கருநீல வெல்வெட்டில் ஒரு பெரிய துண்டு கிடைத்தது. அதுதான் மயிலுக்கு ஆதி.

அந்தத் துண்டை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுண்ணாம்புக் கோட்டால் தோகை விரித்த மயில் ஒன்றை வரைந்தாள். பிறகு ஒவ்வொரு மணியாக ஏற்றத் தொடங்கினாள். வீட்டுக்கு விலக்கான நாட்களில் மட்டும் சட்டத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிடுவாள். முடிந்ததும் கண்ணாடி போட்டுத் தன் கதிரைக்கு மேலே மாட்டவேண்டும் என்பதே அவள் எண்ணம். கழுத்தும் கொண்டையும் தோகையும் வளர்ந்தன. கண் இருக்கவேண்டிய இடம் வெறும் வெல்வெட்டாகவே கிடந்தது. ஏன் என்று கேட்டேன்.

"இப்பவே வைச்சா என்னைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கும். வெக்கத்திலை தையல் ஓடாது" என்றாள்.

கண்ணுக்கென்று ஒரு மணியை எடுத்துவைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் முதன்முதல் கோத்த காசுப்பையிலிருந்து கழற்றியது. கறுப்புத்தான், ஆனால் சரித்துப் பிடித்தால் உள்ளே ஒரு நீலம் ஓடும்.

அடுத்த வளவு சிவசுப்பிரமணியத்தாருடையது. அவர் எங்கள் குறிச்சி முருகன் கோயிலின் மனேச்சர். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் முறை பற்றிக் கதைக்க ஒருநாள் வந்தவர் மயிலைக் கண்டுவிட்டார். சுவாமிக்கு முன்னால் இழுக்கும் திரைச்சீலை கிழிந்துபோய்க் கிடக்கிறது, யுத்தத்தால் கடைகளில் வெல்வெட் என்ற பேச்சே இல்லை என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை; அதை முருகனுக்கே கொடுக்கிறோம் என்று ஐயா சொல்லிவிட்டார். முருகனுக்கென்று வாயால் சொன்ன பொருள் பிறகு வீட்டுக்காரருடையதல்ல. அக்காவை யாரும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சோறு போடும்போது அவள் ஐயாவிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"குடுங்கோ ஐயா. ஆனா கண்ணை நான்தான் வைப்பன். கொடியேத்தத்துக்கு முதல் நாள் முழுகிப்போட்டு வைச்சுத் தாறன்."

ஐயா அதற்கென்ன என்றார். வேறு யார் வைக்கப்போகிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருடம் அது. கொடியேற்றத்துக்கு நாலைந்து நாள் இருக்கையில், காலையில், எங்கள் படலையில் ஒரு ஆள் வந்து நின்றான். புத்தூர்ப் பெரியையா மோசம் போய்விட்டார், செத்தவீடு, உரித்துக்காரருக்குச் சொல்லச் சொன்னார்கள் என்றான். பெரியையா ஐயாவின் பெரியப்பன் மகன். ஒரு வேலித் தகராறில் பேச்சு நின்று, நல்லது கெட்டதுக்குச் சொல்லாமல் விட்டு எத்தனையோ வருடம். அவரைப் பற்றிக் கதை வந்தால் ஐயா எழும்பிப் போய்விடுவார். நான் ஐயாவைப் பார்த்தேன். அந்த மனிதன் எங்களுக்கு ஒருவருமில்லை என்று சொல்லிவிடுவார் என்று ஒரு கணம் நம்பினேன். ஐயா படலையின் மூங்கிலைப் பிடித்தார்.

"அண்ணை போயிட்டாரோ" என்றார். பிறகு சின்னப்பிள்ளைபோல் அழுதார்.

உள்ளறையில் ஊசி நின்றுவிட்டது. அக்காவுக்கு விளங்கிவிட்டது. தந்தை வழியில் சாவு விழுந்தால் எங்களுக்கு ஒரு மாதத் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, கோயிற்பொருளைத் தொடக்கூடாது. அவள் ஊசியை வெல்வெட்டிலிருந்து மெல்ல உருவி எடுத்துப் பேணிக்குள் போட்டுவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

செத்தவீட்டுக்குப் போய்வந்து முழுகியதும் நான் கோயிற் குருக்களிடம் போனேன். வெளிவீதியில் எட்டி நின்றபடி எனக்குத் தெரிந்த நியாயம் எல்லாம் சொன்னேன்: உறவு எப்போதோ அறுந்துவிட்டது, ஒரேயொரு மணிதான் பாக்கி, தைக்கும் கை சுத்தமான கை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தம்பி, நீர் பி.ஏ. படிச்சனீர். ஒரு கண்ணளவுக்குத் துடக்கு விலகும் எண்டு அதிலை எங்கையேன் கிடந்தாச் சொல்லும், நானும் விடுறன்" என்றார்.

பிறகு அவரே இரங்கி, அந்தச் சீலை பட்டோ பருத்தியோ என்று கேட்டார். வெல்வெட் என்றேன். சற்று யோசித்துவிட்டு, பட்டென்று வைப்போம், பட்டுக்குத் துடக்கில்லை, மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுக்கச் சொல்லுங்கள் என்றார். சீலைக்கு வழி கிடைத்தது. அக்காவின் கைக்குக் கிடைக்கவில்லை.

மனேச்சரின் மகள் குணலட்சுமிதான் சீலையை எடுக்க வந்தாள். அக்காவின் வயது, ஊசி பிடிக்கத் தெரியும், நல்ல பக்தி. விரதம் இருந்து, ஈரத்தலையோடு வந்தாள். அக்கா கண்மணியை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துவிட்டு விலகி நின்றாள். குணலட்சுமி தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டாள். இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஒரு பொட்டு உண்டு. கோழியும் பெண்களும் போய்வருகிற ஓட்டை. அந்தப் பக்கம் மாமர நிழலில் சட்டத்தை வைத்துத் தைப்பது, இந்தப் பக்கம் பொட்டடியில் குந்தியிருந்து அக்கா சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. ஒரு மணி. ஒரு தையல். கொண்டை முடிகிற இடத்துக்கு நேர்கீழே, சொண்டை நோக்கிச் சற்றுச் சரிவாக.

சொல்ல எல்லாம் சொன்னாள். ஆனால் குணலட்சுமி குனிந்ததும் பொட்டுக்குள்ளால் தெரிந்தது அவளுடைய முதுகும் ஈரக் கூந்தலும்தான். சற்று விலகும், பார்க்கட்டும் என்று அக்கா இரண்டு தரம் கேட்டாள். குணலட்சுமியின் தாய் இரத்தினம்மா அந்தப் பக்கம் பலா இலை பொறுக்கிக்கொண்டு நின்றவர், யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்:

"உவளைக் காலத்திலை கட்டிக் குடுத்திருந்தா மூண்டு நாளோடை முழுகிப்போட்டு வந்து தானே வைச்சிருப்பாள்."

அது உண்மை. கலியாணமான பெண்ணுக்குத் தகப்பன் வழித் துடக்கு அவ்வளவுதான். நான் கிணற்றடியில் நின்று ஒரு வாளியை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

குணலட்சுமி எழும்பிச் சட்டத்தைத் திருப்பிக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. கறுத்த மணி நடுவில் இருந்தது. அதைச் சுற்றி வெள்ளை மணியில் ஒரு வட்டம். அந்த வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம்.

"மணி ஒண்டு வைச்சாத் தூரத்திலை நிக்கிற சனத்துக்குத் தெரியாதெல்லோ பத்மா. ஒரு வட்டம் கட்டினனான். அம்மா இன்னொண்டும் கட்டு எண்டவ" என்றாள்.

தோகையை விரித்து ஆனந்தமாக ஆடவேண்டிய மயில், வேலிக்குள் நாயைக் கண்ட கோழிபோல் கண் பிதுங்க முழுசிக்கொண்டு நின்றது.

அக்கா பொட்டுக்குள் கையை நீட்டி, நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"குணம், வட்டத்தை மட்டும் பிரியும். நான் தொடாமல் சொல்லித்தாறன். ஒரு நூலை வெட்டினாப் போதும்."

குணலட்சுமியின் சிரிப்புப் போய்விட்டது.

"கண் திறந்தாப் பிறகு பிடுங்கிறதோ? முருகன்ரை வாகனத்தின்ரை கண்ணை? உதென்ன கதை பத்மா. நீரும் சொல்லக்கூடாது, நானும் கேக்கக்கூடாது."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளில் வஞ்சகம் ஒரு துளியும் இல்லை. பயந்துதான் போனாள். இரத்தினம்மா பலா இலையைக் கீழே போட்டுவிட்டு வந்து சீலையைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்.

கொடியேற்றத்தன்று நாங்கள் வீட்டில் இருந்தோம். அளவெட்டியிலிருந்து வந்த மேளம் எங்கள் கிணற்றடிவரை கேட்டது. மணி அடிக்க அம்மா இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டாள். திரை இப்போது விலகும் என்று அக்கா சொன்னாள். பின்னேரமே செய்தி வந்துவிட்டது. திரை நல்ல வடிவாம். ஆனால் பிள்ளைகள் எல்லாம் அதற்குப் பேர் வைத்துவிட்டார்களாம், ஏரம்புவின் மகள் தைத்த முழுசுகிற மயில் என்று.

இன்னொரு வெல்வெட் கிடைத்தால் எல்லாம் சரியாகும் என்று நினைத்துக் கொழும்பில் தேடினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு துண்டு அகப்பட்டது. அக்கா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மடித்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டாள். வெளியே எடுத்தால் ஐயா இதையும் யாருக்காவது சொல்லிவிடுவார் என்று சிரித்தாள். பால்செம்பு வலைகளை இப்போதும் பின்னுகிறாள், முணுமுணுப்பும் இருக்கிறது. தலையணை உறைகளில் பூவும் கொடியும் வரும். பறவை வருவதில்லை.

போன வெள்ளிக்கிழமை அவளோடு நானும் கோயிலுக்குப் போனேன். தூண் திரையைப் பாதி மறைக்கிற பக்கத்தில்தான் அவள் எப்போதும் நிற்பாள். புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தை, மயிலைப் பார்த்துத் தானும் கண்ணை உருட்டி முழுசிக் காட்டியது. தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை, உதை நீர்தானாம் தைச்சது?"

எங்களுக்குப் பக்கத்தில் குணலட்சுமி கைகூப்பிக் கண்மூடி நின்றாள். வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு தூணுக்கு அப்பால் சற்று எட்டி, அந்த இரண்டு வெள்ளை வட்டங்களைப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள்.