சித்தியின் பங்கு அரன்சாத்தா

பிறருக்காக நான் மனமாரச் செய்த முதல் தொண்டு, குடித்ததுதான். சித்திக்காகக் குடித்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசா என்ற பகுதியில், ஒரே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் வீடும் சித்தி வீடும் எதிரெதிராக இருந்தன.

சித்திக்குக் கலியாணமாகிச் சில வருடங்களாகியும் பிள்ளை இல்லை. உடம்பைக் குறைத்தால் வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் பெரியவர்கள் என்னை வெளியே விளையாட அனுப்பிவிட்டுத்தான் கதைத்தார்கள். ஆகவே சித்தி மெலிய வேண்டும் என்ற பாதிச் சங்கதிதான் என் காதுக்கு வந்தது.

அதற்காகச் சித்தி படாத பாடு இல்லை. சோற்றைப் பாதியாக்கினார், பிறகு அதிலும் பாதி. வெள்ளிக்கிழமை விரதத்தோடு செவ்வாயையும் சேர்த்துக்கொண்டார். ஞாயிறுகளில் பஸ்ஸை விட்டுவிட்டு, மலைமேல் இருக்கும் றோசாலியா மாதா கோயிலுக்கு நடந்தே ஏறிப் போனார். தராசு முள் மட்டும் அசைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. "காத்தைக் குடிச்சாலும் எனக்கு உடம்பு வைக்குது அக்கா," என்று ஒருநாள் அம்மாவிடம் சொல்லி அழுதார்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது சித்தப்பாவுக்கு வேலை. மொழிபெயர்க்கச் சித்தி என்னைக் கூட்டிப்போனார். என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். ஒரு பிடி சோறு, கொஞ்சம் கீரை, விரத நாளில் அதுவும் இல்லை என்று சித்தி சொன்னதை அப்படியே இத்தாலியனில் ஒப்புவித்தேன். டாக்டர் சற்று யோசித்துவிட்டு, என்ன குடிக்கிறார் என்றார்.

"தேத்தண்ணிதான் எண்டு சொல்லு," என்றார் சித்தி, இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற முகத்தோடு.

நான் கெட்டிக்காரி அல்லவா? கேட்டதற்கு மேலாகவே சொன்னேன். காலையில் டின்பால் விட்ட தேத்தண்ணி, அதற்கு மேல் சீனி. வேலை செய்யும் வீட்டில் சிஞ்ஞோரா, அதுதான் வீட்டுக்கார அம்மா, அன்போடு ஊற்றித் தரும் குளிர்ந்த பாதாம்பால். விரதமென்றால் பசி தெரியாமலிருக்க இன்னொரு கிளாஸ். மலையிலிருந்து இறங்கியதும் களை தீர ஒரு அரன்சாத்தா, அதாவது ஆரஞ்சுச் சோடா. ஞாயிறு பின்னேரம் ஏறி இறங்கும் தமிழ் வீடுகளிலெல்லாம் திரும்பவும் தேத்தண்ணி, இல்லாவிட்டால் அரன்சாத்தா. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் ஆட்களுக்குச் சோறுதான் சாப்பாடு. குடிப்பது எந்தக் கணக்கிலும் வராது. விரதத்தையே முறிக்காத தேத்தண்ணி உடம்பில் மட்டும் எப்படி ஏறும்? அத்தனையும் சீனி என்று டாக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். பட்டினி கிடக்காமல் அளவாகச் சாப்பிடட்டும், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும் என்றார்.

"உன்னை ஆர் இவ்வளவும் சொல்லச் சொன்னது?" என்று பஸ் தரிப்பிடத்தில் வைத்துச் சித்தி கேட்டார். கேட்ட கையோடு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இவ்வளவு நாளும் நான் சும்மா பட்டினி கிடந்திருக்கிறன்."

வீட்டில் சீனியை நிறுத்துவது சுலபமாக இருந்தது. ஊரார் வீட்டில்தான் வில்லங்கம். நீட்டிய கிளாஸை வேண்டாம் என்றால் எங்கள் சனம் விடாது. கோபமோ என்று கேட்கும், சீனி வியாதியோ என்று கேட்கும். அந்த ஞாயிறே ஒரு வீட்டில் சித்தி, "எனக்குத் தண்ணி போதும்," என்றார். அந்த வீட்டு அன்ரி கண்ணைச் சிமிட்டி, "என்ன, விசேசமோ?" என்றார். சித்தி நிலத்தைப் பார்த்தபடி இல்லை என்று தலையாட்டினார். படியிறங்கும்போது என் கையை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு கேள்விக்கு இவ்வளவா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த ஞாயிறிலிருந்து நான் இல்லாமல் சித்தி எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஏற்பாடு மிகச் சுத்தமானது. வீட்டுக்காரர் பலகாரம் எடுக்கக் குசினிக்குள் திரும்பியதும் நான் குடித்து முடித்த வெறும் கிளாஸ் சித்தியிடம் போகும். அவருடைய நிறை கிளாஸ் என்னிடம் வரும். தேத்தண்ணி என்றால் சுடச்சுட விழுங்குவேன். அரன்சாத்தா என்றால் சொல்லத் தேவையில்லை. "வடிவாக் குடிக்கிறாய் பிள்ளை," என்று சித்தி காதுக்குள் சொல்வார். அந்தப் பாராட்டுக்காக நான் கடலையே குடித்திருப்பேன்.

தராசு முள் ஒருவழியாக மனம் இரங்கியது. சித்தியின் சட்டைகளை அம்மா பிடித்துத் தைத்துக் கொடுத்தார். என் பள்ளிக்கூட மேலங்கிக்குத்தான் பொத்தான் பூட்ட முடியாமல் போயிற்று. வளருகிற பிள்ளை என்று அம்மா மகிழ்ந்தார். நானும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

குளிர்காலம் போனபின் சித்திக்கு மறுபடியும் வயிறு வைக்கத் தொடங்கியது. அம்மா தட்டு நிறையச் சோறு போட்டுக் கொடுத்தார். சித்தப்பா எந்நேரமும் சிரித்துக்கொண்டே திரிந்தார். நாங்கள் பட்ட பாடெல்லாம் வீணாகிறதே என்று அந்த இரண்டு வீட்டிலும் கவலைப்பட்ட ஒரே ஆள் நான்தான். பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எனக்குத் தெரியாமல் எங்கையோ அரன்சாத்தா குடிக்கிறீங்கள், என்ன சித்தி?"

சித்தி சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னை இழுத்து அணைத்து, என் தலையில் முகத்தை வைத்து அழுதார். பாவம், திரும்பவும் உடம்பு வைத்துவிட்டதே என்றுதான் அழுகிறார் என எனக்குப் பட்டது.

"பரவாயில்லை சித்தி," என்று முதுகைத் தடவி ஆறுதல் சொன்னேன். "நான் திரும்பவும் உங்கட பங்கைக் குடிக்கிறன்."